காது கேளாத பிள்ளைக்கு வீட்டிலிருந்தே ஓவியப் படிப்பு: ஆவணம், செலவு, வகுப்பு, தேர்வு

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. படித்தால் ஓவியம்தான் படிப்பேன் என்று உறுதியாக நின்றவன். நாங்கள் இருப்பது தென்காசிப் பக்கம். சைகை மொழி தெரிந்த ஓவிய ஆசிரியர் பக்கத்தில் யாரும் கிடையாது. அதனால் தொலைதூரக் கல்வி பக்கம் போனோம். எங்கே விண்ணப்பிப்பது, எந்தத் தாள் முதலில் வேண்டும், எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டக் கூடாது என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் நிறைய அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பெற்றோர், அக்கா அண்ணன்மார், தானே படிக்க நினைக்கும் காது கேளாத மாணவர் என்று யார் வேண்டுமானாலும் இதை வைத்துத் தொடங்கலாம். எனக்குத் தெரிந்தது தமிழ்நாட்டு நிலவரம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். சான்றிதழ் ஓரிடத்தில் கிடைக்கும், வரையக் கற்பது வேறிடத்தில் நடக்கும். இரண்டையும் ஒரே நிறுவனம் தரும் என்று தேடினால் காலமும் பணமும்தான் போகும்.

1. முதலில் யுடிஐடி அட்டை

யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் தனி அடையாள அட்டை. மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான். கட்டணச் சலுகை, தேர்வில் கூடுதல் நேரம், பின்னால் கல்லூரியில் இட ஒதுக்கீடு என எதைக் கேட்டாலும் இந்த அட்டையைத்தான் கேட்பார்கள். பழைய அடையாளப் புத்தகம் மட்டும் இருந்தாலும் யுடிஐடிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

விண்ணப்பம் மத்திய அரசின் சுவாவ்லம்பன் இணையதளத்தில். கட்டணம் இல்லை. ஆதார், பாஸ்போர்ட் அளவுப் படம், கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை, முகவரிச் சான்று ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். இ-சேவை மையத்தில் செய்தால் அவர்களுடைய சேவைக் கட்டணம் மட்டும் ஆகும்.

அப்புறம் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பரிசோதனை. மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான மருத்துவர் குழு தினமும் உட்காராது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். பழைய ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளந்த) தாள்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், ஆனால் அங்கே மறுபடியும் சோதிப்பார்கள். சத்தம் கேட்டதும் கை தூக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு, சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளக்கும் பெரா பரிசோதனை செய்வார்கள். சளியோ காதில் சீழோ இருந்தால் குணமான பிறகு போங்கள். அந்த நேரத்து அளவு சரியாக இருக்காது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 டெசிபல் வரை என்றால் செவித்திறன் குறைந்தவர். பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அது நிரந்தரமானதா, குறிப்பிட்ட காலத்துக்கானதா என்று பாருங்கள். தற்காலிகச் சான்று என்றால் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தேர்வுக்கு முந்தைய மாதம் காலாவதியானால் கூடுதல் நேரம் கிடைக்காமல் போகலாம். அட்டை வர சில மாதங்கள் ஆகும் என்று கணக்கு வைத்து, படிப்பில் சேர நினைக்கும் பருவத்துக்கு ஆறு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

2. எல்லாத் தாளிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும்

நம் ஊரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இனிஷியலில். பள்ளிச் சான்றிதழில் எஸ். கார்த்திக், ஆதாரில் கார்த்திக் செல்வம், யுடிஐடியில் கார்த்திக் எஸ். என்று இருந்தால் ஏதாவது ஒரு கட்டத்தில் விண்ணப்பம் திரும்பி வரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள், ஆதாரைக் காட்டி யுடிஐடியை எடுங்கள். இதே வரிசையில் போனால் ஒரு முறை திருத்தினால் போதும். பிறந்த தேதியும் அப்படியே. பத்தாம் வகுப்பு இன்னும் முடிக்காத பிள்ளை என்றால் பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வையுங்கள்.

3. எந்தச் சான்றிதழ் என்று முடிவு செய்யுங்கள்

முதலில் ஒரு எச்சரிக்கை. ‘தொலைதூரக் கல்வியில் பிஎஃப்ஏ (கவின்கலை இளங்கலை) பட்டம், வீட்டிலிருந்தே மூன்றாண்டு’ என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு தொலைதூரக் கல்வி விதிமுறைகளையொட்டி, திறந்தநிலை முறையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பொறியியல், மருத்துவம், சட்டம், கட்டடக்கலை ஆகியவற்றோடு ஓவியம் அடங்கிய காட்சிக்கலையும் அதில் உண்டு. எங்களிடம் ஒரு நிறுவனம் முன்பணம் கேட்டது. மானியக் குழுவின் தொலைதூரக் கல்வி வாரிய அனுமதியைக் காட்டுங்கள் என்றதும் பேச்சு நின்றுபோனது. நீங்களும் அதே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்.

சரி, அப்படியானால் என்ன வழிகள் இருக்கின்றன?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். இரண்டு நிலையிலும் ஓவியம் ஒரு பாடம். செய்முறைக்குத்தான் மதிப்பெண் அதிகம் என்பது நம் பிள்ளைகளுக்கு நல்லது. 2021 முதல் பத்தாம் வகுப்பு நிலையில் இந்தியச் சைகை மொழியை ஒரு மொழிப்பாடமாகவே எடுக்கலாம். எழுத்து மொழியில் தடுமாறி, அதனாலேயே மொத்தத் தேர்விலும் தோற்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பத்தாம் வகுப்பு நிலைக்கு 14 வயது, பன்னிரண்டுக்கு 15 வயது ஆகியிருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம். ஒரே மூச்சில் ஐந்து பாடத்தையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாவது, தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம். முதலில் லோயர் (கீழ்நிலை), அதன் பிறகு ஹையர் (மேல்நிலை). தனித்தேர்வராக வீட்டில் பயிற்சி எடுத்தே எழுதலாம் என்பதால் தொலைவில் இருப்பவர்களுக்கு வசதியானது. கோட்டோவியம், பொருளைப் பார்த்து வரைதல் போன்ற அடிப்படைகளை அழுத்தமாகச் சோதிக்கும். ஓவிய ஆசிரியர் வேலையில் ஆசை இருக்கும் பிள்ளை என்றால் இதைத் தவறவிடாதீர்கள். அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு. அதனால் இயக்ககத்தின் இணையதளத்தை வாரம் ஒரு முறையாவது பாருங்கள்.

மூன்றாவது, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ. அதன் நிகழ்த்துகலை, காட்சிக்கலைப் பள்ளி ஓவியத்தில் சான்றிதழ்ப் படிப்பு வடிவமைத்திருக்கிறது. இது பட்டம் அல்ல, குறுகிய காலப் படிப்பு. சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கும். பாடநூல் தமிழில் கிடையாது, ஆங்கிலமும் இந்தியும்தான். பணம் கட்டும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: அந்தப் பருவத்துக்கான கையேட்டில் படிப்பின் பெயர் இருக்கிறதா, உங்களுக்கு எட்டும் தூரத்தில் அதற்கான செய்முறை மையம் இருக்கிறதா. பக்கத்து ஊர் மையம் வணிகவியலுக்கு மட்டும் அனுமதி பெற்றதாக இருக்கலாம்.

எங்கள் அனுபவத்தில், பள்ளிப் படிப்பு பாதியில் நிற்கும் பிள்ளைக்கு என்ஐஓஎஸ்தான் முதல் தேர்வு. பள்ளி முடித்த பிள்ளைக்கு லோயர், ஹையர் தேர்வுகள். ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தால் மட்டும் இக்னோ.

4. என்ஐஓஎஸ் விண்ணப்பம்

விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில். பத்தாம் வகுப்பு நிலைக்கு எட்டாம் வகுப்புச் சான்றோ, அந்த நிலையில் படிக்க முடியும் என்ற சுய உறுதிமொழியோ வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு நிலைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். இவற்றோடு ஆதார், படம், கையெழுத்து, மாற்றுத்திறனாளிச் சான்று. சான்றைப் பதிவேற்றும் முன், விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டால் கட்டணச் சலுகையும் இல்லை, தேர்வில் கூடுதல் நேரமும் இல்லை. பிறகு சேர்க்க மண்டல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி அலைய வேண்டும். நமக்கான மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

கட்டணத்தை இரண்டு தனித்தனி செலவாகக் கணக்கிடுங்கள். சேர்க்கைக் கட்டணம் ஒன்று, தேர்வுக் கட்டணம் வேறு. தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு பாடத்துக்கும் தனி, ஓவியம் போன்ற செய்முறைப் பாடத்துக்குக் கூடுதலாக ஒரு தொகை உண்டு. சேர்க்கைக்குக் கட்டியாயிற்று, இனிச் செலவு இல்லை என்று இருந்துவிட்டு, தேர்வுக் கட்டணத்துக்கான கடைசித் தேதியைத் தவறவிடுபவர்கள் ஏராளம். பொதுத் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை, அக்டோபர், நவம்பரில் ஒரு முறை. கட்டணம் கட்டும் காலம் அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்து போய்விடும்.

படிப்பு மையம் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் அவசரப்படாதீர்கள். ஓவியச் செய்முறை நடத்தும் மையமா என்று நேரில் போய்க் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக என்றே அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்களும் உண்டு. எட்டும் தூரத்தில் ஒன்று இருந்தால் அதுவே நல்லது, சைகை தெரிந்த ஒருவராவது இருப்பார். பிள்ளைக்கு அரசு வேலையோ குறிப்பிட்ட கல்லூரியோ இலக்கு என்றால், இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று சேரும் முன்பே அங்கே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

5. வரையக் கற்றுத்தரும் ஆளைத் தேடுங்கள்

திறந்தநிலைப் பள்ளி புத்தகம் தரும், தேர்வு வைக்கும். கையைப் பிடித்துக் கற்றுத்தராது. அதற்கு ஆன்லைன் வகுப்பு எடுக்கும் ஓவியர் ஒருவர் தனியாக வேண்டும். நாங்கள் விசாரித்த இடங்களில் வாரம் இரண்டு வகுப்புக்கு மாதம் ஆயிரம் முதல் மூவாயிரம் ரூபாய் வரை கேட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஆசிரியர் வரைந்துகொண்டே பேசுகிறார் என்று வையுங்கள். கேட்கும் பிள்ளைக்குக் காது பேச்சில், கண் தாளில். காது கேளாத பிள்ளைக்கு இரண்டுக்கும் கண்தான். மொழிபெயர்ப்பாளரையோ எழுத்தையோ பார்த்தால் தூரிகை ஓடியது தெரியாது. தூரிகையைப் பார்த்தால் என்ன சொன்னார் என்பது போய்விடும். ஆசிரியர் எவ்வளவு பெரிய ஓவியராக இருந்தாலும் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் அந்த வகுப்பால் பயனில்லை.

ஆகவே ஆசிரியரிடம் கேட்க வேண்டியது இதுதான்: முதலில் சொல்லுங்கள், நிறுத்துங்கள். பிறகு பேசாமல் வரைந்து காட்டுங்கள், நிறுத்துங்கள். அப்புறம் கேள்வி. இந்த முறைக்கு ஒத்துக்கொள்பவர் சைகை மொழி அறியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் தம்பிக்கு அமைந்த ஆசிரியருக்கு முதலில் ஒரு சைகையும் தெரியாது. நிறுத்தி நிறுத்திக் காட்டும் பொறுமை இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் வைக்க முடிந்தால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். மணிக் கணக்கில் பணம் என்பதால் தனியாக வைத்தால் கட்டுப்படியாகாது. காது கேளாத பிள்ளைகள் நாலைந்து பேரை ஒரே வகுப்பில் சேர்த்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மாவட்டத்தில் உள்ள காது கேளாதோர் சங்கம், பிள்ளை படித்த சிறப்புப் பள்ளியின் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழு ஆகியவற்றில் கேட்டால் ஆள் சேரும். பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும். தம்பி தன் படத்தைப் பற்றி இன்னொரு பையனிடம் சைகையில் மணிக்கணக்காகப் பேசுவதை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன்.

ஓவியச் சொற்களுக்குச் சைகை முன்கூட்டியே முடிவாகட்டும். தூரக்காட்சி, நிழல், சாயல், மேற்பூச்சு என்று ஒவ்வொன்றையும் எப்படிக் காட்டுவது என்று ஆசிரியர், மாணவர், மொழிபெயர்ப்பாளர் மூவரும் முதல் வாரத்திலேயே பேசி, சிறு வீடியோவாக எடுத்து வையுங்கள். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் பத்தாயிரம் சொற்களுக்கு வீடியோ இருக்கிறது, இலவசம். முதலில் அதில் தேடுங்கள், இல்லாததற்கு மட்டும் நீங்களாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

6. திரையும் வெளிச்சமும்

ஆசிரியர் பக்கம் இரண்டு கேமரா வேண்டும். ஒன்று முகமும் கைகளும் தெரிய எதிரே, இன்னொன்று மேலிருந்து தாளைப் பார்க்க. இரண்டாவதுக்கு ஒரு பழைய செல்போனும் சில நூறு ரூபாய் ஸ்டாண்டும் போதும். அந்தப் போனையும் அதே கூட்டத்தில் தனி ஆளாக, ஒலியை அணைத்துச் சேர்த்துவிட வேண்டும்.

மாணவர் பக்கம் மடிக்கணினி அல்லது டேப்லெட். செல்போன் திரையில் விரல் அசைவும் கோட்டின் அழுத்தமும் சேர்ந்து தெரியாது. ஜூமில் மொழிபெயர்ப்பாளர் கட்டத்தையும் தாளைக் காட்டும் கட்டத்தையும் ‘பின்’ (pin) செய்து, அதாவது திரையில் நகராமல் நிற்கும்படி வையுங்கள். ஒன்றுக்கு மேல் ‘பின்’ செய்யக் கூட்டத்தை நடத்துபவரின் அனுமதி வேண்டும், வகுப்பு தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கைகள் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். சைகை காட்டுபவர் தோல் நிறத்துக்கு எதிரான ஒற்றை நிறச் சட்டை போட வேண்டும், கட்டமும் பூவும் வேண்டாம்.

டேட்டா செலவை மறக்காதீர்கள். ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்குச் சுமார் 1 ஜிபி போகும். தினம் 1.5 ஜிபி பிளானில் வகுப்பு முடிந்ததும் பதிவை இறக்கிப் பார்க்க மீதம் இருக்காது. வகுப்பைப் பதிவு செய்து தருவீர்களா என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பார்ப்பதில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாளில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி கைகொடுக்கும். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும். ஓவியச் சொற்களில் தப்பும் தவறுமாக வரும் என்பதால், அன்றைய முக்கியமான சொற்களை ஆசிரியர் ஒரு தாளில் எழுதிக் காட்டினால் குழப்பம் வராது.

7. எழுத்துத் தேர்வுக்கும் படமே வழி

என்ஐஓஎஸ் ஓவியப் பாடத்தில் கலை வரலாறு உண்டு. மொகஞ்சதாரோவின் நடன மங்கை, அஜந்தா ஓவியங்கள் என்று போகும். பத்தி பத்தியாகப் படிக்கச் சொன்னால் பிள்ளை சோர்ந்துவிடும். தபால் அட்டை அளவில் படத்தை அச்செடுத்து ஒட்டி, பின்பக்கம் காலம், இடம், எதனால் செய்தது என்று மூன்றே வரி எழுதுங்கள். தம்பி இதை வைத்துத்தான் படித்தான். வீட்டில் எல்லோரும் சேர்ந்து சீட்டு விளையாடுவது மாதிரி கேள்வி கேட்போம்.

வீட்டிலிருந்து செய்து அனுப்பும் ஒப்படைப்புப் பணிக்கு மதிப்பெண் உண்டு. கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே முடித்து, அனுப்பியதற்கான ஒப்புகையைப் படமெடுத்து வையுங்கள்.

8. பொருட்களும் படைப்புக் கோப்பும்

பொருட்களில் தாளுக்கு மட்டும் பணத்தைக் குறைக்காதீர்கள். நீர்வண்ணத்துக்கு மெல்லிய சார்ட் தாள் சுருண்டுவிடும், பிள்ளை தன் கையைக் குறை சொல்லும். வண்ணத்துக்கு மாணவர் தரக் கேம்லின் போதும். பென்சிலில் எச்பி, 2பி, 4பி, 6பி நான்கும் இருந்தால் ஓர் ஆண்டு ஓடும்.

வரைந்த எதையும் எறியாதீர்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் தேதியும் பொருளும் எழுதுங்கள். செய்முறைத் தேர்வுக்குக் கோப்பு கேட்பார்கள், அதில் பல மாத வளர்ச்சி தெரிய வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் அவசரமாக வரைந்தது பார்த்ததும் தெரிந்துவிடும். படமெடுக்கும்போது தாளைச் சுவரில் ஒட்டி, காலை வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் சதுரம் சரிவகமாகிவிடும்.

9. தேர்வு நாள்

உதவி எழுத்தர் (தேர்வருக்காக விடையை எழுதுபவர்) வைக்காத மாற்றுத்திறனாளிக்கு மூன்று மணி நேரத் தேர்வில் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரலாம் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. கூடுதல் நேரம் தானாக வராது. எழுத்தில் விண்ணப்பித்து, அனுமதிக் கடிதத்தின் நகலோடு தேர்வு மையத்துக்கு முந்தைய நாளே போய்க் கண்காணிப்பாளரைப் பாருங்கள். கேள்வித்தாள் பற்றிய அறிவிப்புகள், நேரம் முடியப் போகிறது என்ற எச்சரிக்கை எல்லாம் வாயால் சொல்வார்கள். அவற்றைப் பலகையில் எழுதும்படி அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போன மையத்தில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு என்பதே தெரியவில்லை. கடிதத்தைக் காட்டிய பிறகு செய்து தந்தார்கள்.

செய்முறைத் தேர்வில் தேர்வாளர் ‘இதை ஏன் இப்படி வரைந்தாய்’ என்று கேட்கலாம். பதிலை இரண்டு வரியில் எழுதிக் காட்டப் பிள்ளையைப் பழக்கி அனுப்புங்கள். ஹால் டிக்கெட், யுடிஐடி அசல், அனுமதிக் கடிதம் மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும்.

10. பட்டம் வேண்டுமென்றால்

பட்டத்துக்கு நேரடிக் கல்லூரிதான். சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களும், வயது வரம்பில் ஐந்து ஆண்டுத் தளர்வும் 2016 சட்டத்தின் 32-ஆம் பிரிவில் உள்ளன. விண்ணப்பத்தில் அந்தப் பிரிவை நீங்களே குறிப்பிடுங்கள். வீட்டிலிருந்து படித்து ஓரிரு ஆண்டு தாமதமான பிள்ளைக்கு இந்த வயதுத் தளர்வு உதவும். நுழைவுக்கு வரையச் சொல்லிப் பார்ப்பார்கள் என்பதால் தேதியிட்ட அந்தக் கோப்பையும் எடுத்துப்போங்கள். விடுதி, மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு இரண்டையும் சேர்க்கை நாளன்றே எழுத்தில் கேளுங்கள், வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டால் ஒரு பருவம் போய்விடும்.